பொட்டு வைக்காத ஸ்க்ரூ

நிதானம் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால், கையில் கரண்டியோடு நின்றபோது. முன்னறையில் என் சின்ன நாத்தனாருக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். வரன் கொண்டுவந்தவள் என் வீட்டுக்காரரின் பெரியம்மா மருமகள். பையன் அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதாவது அவளுடைய சித்தப்பாவுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த மூத்த மகன். முதல் தாரத்துக்குப் பிள்ளை கிடையாது. இதையெல்லாம் நான் அப்போதே மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். உறவு முறை ஒன்று பிசகினால் அப்புறம் யாரை என்னவென்று கூப்பிடுவது?

"பையன் பேர் என்ன?" என்று என் மாமியார் கேட்டார்.

"பேர் ஒண்ணு இருக்கு அத்தை. ஆனா அதைச் சொல்லிக் கூப்பிட்டா அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எல்லாரும் நிதானம்னுதான் கூப்பிடுவாங்க."

"ஏன், குடிச்சாலும் நிதானம் தப்பாத பையனோ?"

"ஐயோ, தண்ணியைக்கூட தாகம் எடுத்தாத்தான் குடிப்பான். வயர்மேன் வேலை. எதைக் கேட்டாலும், நிதானமா பார்த்துச் சொல்றேன்னுவான். அதுவே பேராப் போச்சு."

என் பக்கத்தில் நின்ற நாத்தனார் என் காதில் சொன்னாள். "அண்ணி, என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டாலும் நிதானமா பார்த்துத்தான் சொல்வாரோ?"

எனக்கு வந்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்து முன்னறையே எட்டிப் பார்த்தது.

அவள் வாய் முகூர்த்தம், அப்படியேதான் நடந்தது. பெண் பார்க்க வந்தவர் பெண்ணைப் பார்த்தாரோ இல்லையோ, சுவரைப் பார்த்தார். எழுந்து போய் ஃபேன் சுவிட்சின் மேல் புறங்கையை வைத்தார். "இது சூடா இருக்கே. யார் வெச்சது?" என்றார். எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, சுவிட்சைக் கழற்றி, உள்ளே தளர்ந்திருந்த கம்பியை முறுக்கி வைத்துவிட்டுப் போனார். பெண் பிடித்திருக்கிறது என்ற சேதி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் என் மாமியார் வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டபோது, நாத்தனார்தான் "சுவிட்ச் இப்போ சூடாகறதில்லையேம்மா" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு முறைப்படி அவர் எனக்குத் தம்பி, நான் அவருக்கு அக்கா. என் வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளை. எங்கள் தெருவிலேயே வீடு எடுத்துக் குடிவந்தார்கள்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது கொஞ்சம் பொறுமை வேண்டிய காரியம். அந்தக் காலத்தில் பெரிய கம்பியெல்லாம் அலுமினியம். மற்ற வயர்மேன்கள் ஸ்க்ரூவை ஒருதரம் இறுக்கி மூடியை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் இறுக்கிவிட்டுத் தள்ளிப் போய் உட்காருவார். டீ குடிப்பார். யாராவது கேட்டால், "அலுமினியம் மெத்துன்னு இருக்கும். நாம இறுக்கினதும் கொஞ்சம் அமுங்கி இடம் கொடுக்கும். அமுங்கட்டும்" என்பார். அப்புறம் எழுந்து வந்து இன்னொரு தரம் இறுக்குவார். இரண்டாவது இறுக்கு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுப்பார். சிவப்பு நகப்பூச்சு. ஸ்க்ரூவின் தலையிலும் பக்கத்துப் பித்தளையிலும் சேர்ந்தாற்போல ஒரு பொட்டு வைப்பார். பின்னால் எப்போது திறந்து பார்த்தாலும், பொட்டு முழுசாக இருந்தால் ஸ்க்ரூ அசையவில்லை. இரண்டாக உடைந்திருந்தால் அசைந்திருக்கிறது. பொட்டே இல்லையென்றால் அவர் அதை இரண்டாம் முறை தொடவில்லை.

"ஊர்ல இருக்கிற ஸ்க்ரூவுக்கெல்லாம் பூசுறாரு அண்ணி. எனக்குச் சுண்டு விரல் நகத்துக்குக்கூட மிச்சம் வைக்கிறதில்லை" என்று நாத்தனார் வந்து முறையிடுவாள். ஆனால் அவளுக்கு உள்ளூரப் பெருமை. புது வீடு பார்க்கப் போகிற பெண்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த கையோடு மெயின் போர்டு மூடியையும் திறந்து சிவப்புப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், "நிதானம் வேலை" என்று மனசு நிம்மதியாகப் பெட்டியை இறக்குவார்கள்.

ஒரு மழை நாளில் வேலைக்குப் போக முடியாமல் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பேச்சுவாக்கில் கேட்டேன். "தம்பி, கரண்டு கம்பி வழியா வருது, சரி. வந்தது எங்கே போகுது? தினமும் வந்துகிட்டே இருந்தா வீடு ரொம்பிடாதா?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். நிதானம் சிரிக்கவில்லை.

"வந்தது திரும்பிப் போயிடும் அக்கா. போனது மறுபடியும் வரும். நொடிக்கு அம்பது தடவை போய்ட்டுப் போய்ட்டு வருது. மரம் அறுக்கிறவங்க ரெண்டு பக்கமும் நின்னு ரம்பம் இழுப்பாங்களே, பார்த்திருக்கீங்களா? ரம்பம் எந்த ஊருக்கும் போகல. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான். ஆனா மரம் அறுந்துடுது இல்ல?"

"அப்போ நடுவுல திரும்பற நேரத்துல விளக்கு அணையணுமே?"

"அணையத்தான் பார்க்குது. உள்ளே இருக்கிற இழை ஆறுறதுக்குள்ளே அடுத்த இழுப்பு வந்துடும்."

பிறகு திரைச்சீலையிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றினார். மூன்று நூலை அதில் கட்டினார். ஒரு நூலை என் கையில் கொடுத்தார், ஒன்றை நாத்தனாரிடம், ஒன்றை என் வீட்டுக்காரரிடம். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று மூலையில் எங்களை நிற்க வைத்தார். நடுவில் கிடந்த வளையத்துக்குள் தன் ஆள்காட்டி விரலை ஊன்றினார்.

"பெரிய கட்டடத்துக்கு மூணு கம்பியில கரண்டு வரும். மூணும் சேர்ந்தாப்புல இழுக்காது. ஒண்ணு ஏறி இறங்கறப்ப அடுத்தது ஏறும், அப்புறம் மூணாவது. முறை போட்டுக்கிட்ட மாதிரி. ஒருத்தர் தள்ளிவிடுறதை மத்த ரெண்டு பேர் வாங்கிப்பாங்க. எல்லாரும் ஒரே அளவா இழுங்க."

இழுத்தோம்.

"பாருங்க, என் விரலுக்கு வேலையே இல்ல. இந்த விரல்தான் நாலாவது கம்பி. நியூட்ரல். இப்போ மச்சான் மட்டும் பலமா இழுங்க."

என் வீட்டுக்காரர் இழுத்தார். வளையம் விரலை அழுத்தியது. நிதானம் விரலை விடாமல் பிடித்துக்கொண்டார். வளையம் நகரவில்லை. "வலிக்குது. ஆனா தாங்குது" என்றார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விரலை எடுத்துவிட்டார். வளையம் சர்ரென்று என் வீட்டுக்காரர் பக்கம் ஓடியது. என் நூலும் நாத்தனார் நூலும் கையிலிருந்து உருவிக்கொண்டு நீளமாகப் போயிற்று.

"நூல் எவ்வளவு நீளமோ அந்த வீட்டுக்கு அவ்வளவு அழுத்தத்துல கரண்டு. பலமா இழுத்தவர் வீட்டுல நூல் குட்டையாயிடுச்சு, விளக்கு மங்கிடும். சும்மா இருந்த ரெண்டு வீட்டுலயும் நூல் நீண்டுடும். விளக்கு வெடிக்கும். அதனாலதான் அக்கா, வீட்டுல பல்பு திடீர்னு சூரியன் மாதிரி எரிஞ்சா வேடிக்கை பார்க்காதீங்க. ஓடிப்போய் மெயினை இறக்குங்க."

"இந்த வீட்டுல நான்தான் அந்த விரல்" என்றாள் நாத்தனார். "அண்ணன் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். நடுவுல வலி எனக்கு."

"நீ விரல் இல்ல. நீ இழுக்கிற கயிறு" என்றார் அவர், வளையத்தைத் திரையில் மாட்டிக்கொண்டே.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று விளையாட்டாக எடுத்த விரல், பின்னால் வினையாகத் திரும்பி வந்தது.

நாங்கள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடம். கீழே சலவைக்கடை. நடுமாடியில் நாங்கள். மேல்மாடியில் தனிக்கட்டையாக ஒருவர், அறை நிறையக் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்த்து விற்கிறவர். மாடிக்கு ஒரு கம்பி என்று மூன்று கம்பியும் பிரிந்திருந்தன. கட்டடத்தின் சொந்தக்காரியை எல்லோரும் பில்டிங் அம்மா என்போம். அந்தப் பக்கத்தில் இன்னும் பல கட்டடங்கள் அவருக்கு உண்டு. அத்தனையிலும் நிதானத்துக்குத்தான் வேலை. அவர் வீட்டில் உலை கொதித்ததே அந்த அம்மாவால்தான் என்று சொன்னால் தப்பில்லை.

ஒரு கோடையில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய மெயின் போர்டை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார். காலையில் கரண்டை நிறுத்தியவர், மத்தியானம் ஆகியும் விடவில்லை. அமுங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். சலவைக்கடைக்காரர் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் நடந்து நடந்து களைத்துப் போனார். அவரும் அவருடைய அக்காவும் மட்டுமே சேர்ந்து நடத்துகிற கடை. அக்கா மடிப்பார், தம்பி தேய்ப்பார்.

"தம்பி, என் பெட்டி சூடானா துணி தேயும். என் மண்டை சூடானா ஆளே தேஞ்சிடுவான், பார்த்துக்கோ."

"இதோ ஆச்சு."

"இந்த இதோவைக் காலையில இருந்து கேக்குறேன். சாயங்காலம் துணி கொடுக்கணும்பா. கரண்டை விடு!"

நிதானம் எழுந்து வந்து ஒவ்வொரு கம்பியாக இரண்டாம் இறுக்கு இறுக்கினார். பொட்டு வைத்தார். சலவைக்கடைக்காரர் பின்னாலேயே நின்று உச்சுக் கொட்டினார். மூன்று ஆயிற்று. மூடி ஏறிற்று. கரண்டு வந்தது. நாலாவதை அவர் தொடவில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைக்கிறேன். நியூட்ரலில் டெஸ்டர் வைத்தால் எரியாது. தொட்டால் கடிக்காது. கடிக்காத கம்பியின் மேல் யாருக்கும் அவ்வளவு கவனம் இருப்பதில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. பிறகு சலவைக்கடைக்காரர் ஆவியில் துணி தேய்க்கிற ஸ்டீம் பிரஸ் ஒன்று வாங்கினார். கதவு அகலத்துக்கு இருக்கும். அக்காவும் தம்பியும் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

அதை முதல் முறை ஓடவிட்ட காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. ஃப்ரிட்ஜ் குரல் மாறிக் கத்தியது. அந்த மழைநாள் வளையம் என் கண் முன்னால் ஓடியது. கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து எங்கள் மெயினை இறக்கினேன். மேலே மீன்காரர் வீடு பூட்டியிருந்தது, அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சம் சாதாரண வெளிச்சமாக இல்லை. நான் "மெயினை இறக்குங்க! மெயினை இறக்குங்க!" என்று கத்திக்கொண்டே படியிறங்கினேன்.

கீழே நேர்மாறு. சலவைக்கடை விளக்கு சாகப்போகிற மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. பிரஸ் சூடேறவில்லை. புது மெஷினில் கோளாறோ என்று அவர் அதை நிறுத்தினார். நிறுத்தியதும் அவர் கடை பல்பே பளீரென்று எரிந்து வெடித்தது. அக்கா அலறினார். பயத்தில் அவர் மறுபடியும் பிரஸைப் போட்டார். நான் படிக்கட்டு அடியில் இருந்த பெரிய சுவிட்சைத் தொங்கி இழுத்து இறக்கியபோது மேலேயிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்துவிட்டது.

மீன்காரர் திரும்பிவந்து கதவைத் திறந்தார். விளக்குகள் வெடித்திருந்தன. காற்று விடுகிற பம்புகள் கருகியிருந்தன. தண்ணீரைச் சூடாக வைத்திருக்கிற ஹீட்டர் குழாய்கள் வெடித்துத் தண்ணீருக்குள்ளேயே கரண்டு பாய்ந்திருந்தது. மீன்கள் மேலே மிதந்தன. அவர் ஒவ்வொரு தொட்டியாகக் கையை விட்டுப் பார்த்தார்.  அப்புறம் படியிறங்கி வந்து சலவைக்கடை வாசலில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார். அதை இங்கே எழுத முடியாது.

நிதானத்துக்கு ஆள் போயிற்று. வந்தார். படிக்கட்டு அடியில் பகலிலும் இருட்டு, அதனால் நான் டார்ச் பிடித்தேன். மூடியைக் கழற்றினார். மூன்று ஸ்க்ரூவில் மூன்று சிவப்புப் பொட்டு, வைத்த மாதிரியே முழுசாக. நாலாவது ஸ்க்ரூ கரியாகக் கறுத்திருந்தது. அதிலிருந்த கம்பி எரிந்து விலகித் தனியாக நின்றது. கரியை விரலால் துடைத்தார். பக்கத்துப் பித்தளையையும் துடைத்தார். அங்கே பித்தளை சுத்தமாக இருந்தது. பொட்டு இருந்த சுவடே இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் டார்ச்சைப் பார்த்தேன்.

கம்பியை வெட்டிப் புதிதாகச் சீவினார், புது ஸ்க்ரூ போட்டார், இறுக்கினார். உட்கார்ந்தார். அன்று யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மறுபடி எழுந்து இறுக்கினார். பாட்டிலை மட்டும் எடுக்கவில்லை. கழற்றிய கறுத்த ஸ்க்ரூவைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் பில்டிங் அம்மா வந்துவிட்டார். யார் என்ன சொன்னாலும் கணக்கு ஒரே மாதிரி வந்தது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. பிரஸ் வந்தது, போட்டதும் எரிந்தது, நிறுத்தியதும் வெடித்தது. அப்போ பிரஸ்தான்.

"வீட்டுக் கட்டடத்துல ஃபேக்டரி நடத்தச் சொல்லி யார் சொன்னது?" என்று பில்டிங் அம்மா சலவைக்கடைக்காரரைக் கேட்டார். "இது நிஜம்னா கடையைக் காலி பண்ணிடணும். மேல இருக்கிறவருக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். நிதானம், நீ சொல்லுப்பா. இந்த மெஷின் இழுத்ததுனாலதானே?"

  அக்கா பிரஸின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் நிதானத்தையே பார்த்தோம்.

"நிதானமா பார்த்து, நாளைக்குச் சொல்றேன்மா" என்றார்.

இதைக் கேட்டால் வழக்கமாக யாராவது சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். அவர் கைக்குட்டையைப் பிரித்து மேஜையில் வைத்தார். என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. நாத்தனாருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"எனக்கு. அக்காவுக்கு."

"அண்ணி சொல்ல மாட்டாங்க."



"மாப்பிள்ளை, நீங்க பொய் சொல்ல வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர். "பிரஸ் இழுத்தது நிஜம்தானே? அது இழுக்கலேன்னா இது எரிஞ்சிருக்காது. அதை மட்டும் சொல்லுங்க. மீதியை யாரும் கேக்கப் போறதில்ல."

"அந்த அம்மா வேலை போச்சுன்னா நமக்கு வேற என்ன இருக்கு?" என்றாள் நாத்தனார். எழுந்து போய் அவர் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். "புது ஸ்க்ரூவுக்கு ஒரு பொட்டு. இந்தப் பழசுக்கும் ஒரு பொட்டு வெச்சுக் கரியைத் தடவிடுங்க. முடிஞ்சுது."

அவர் பாட்டிலைத் தொடவில்லை. திரைச்சீலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். 

"பிரஸ் இழுத்துச்சு. வாஸ்தவம்தான்" என்றார் கடைசியில். "ஆனா இதுக்கு இப்போ நான் பொட்டு வெச்சா, இத்தனை வருஷமா வெச்ச எல்லாப் பொட்டும் வெறும் நகப்பூச்சு ஆயிடும்."

"ஆகட்டுமே!" என்று நாத்தனார் கத்தினாள். "உங்க பொட்டை யாரு சாப்பிடப் போறா?"

அவள் அழுதுகொண்டே முன்னால் போனாள். அவர் பின்னால் போனார். பாட்டில் எங்கள் மேஜையிலேயே கிடந்தது.

மறுநாள் காலை சலவைக்கடைக்குப் போனோம். உள்ளே துணி மூட்டைகள் கட்டிக் கிடந்தன. அலமாரித் தட்டுகள் காலி. அக்காவின் கண் வீங்கியிருந்தது. பில்டிங் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீன்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நிதானம் தேய்ப்பு மேஜை மேல் கைக்குட்டையை விரித்தார்.

"பிரஸ் மேல தப்பு இல்லம்மா. மூணு ஸ்க்ரூவுல என் பொட்டு இருக்கு. இது நாலாவது. இதுல இல்ல. இதை நான் ரெண்டாவது தடவை இறுக்கல. லூசான இடம் சூடாகிச் சூடாகி எரிஞ்சிருக்கு."

"அந்த மெஷின் ரொம்ப இழுத்ததுனாலதானே எரிஞ்சுது?" என்றார் பில்டிங் அம்மா. அவருக்கு நிதானத்தைக் கைவிட மனசில்லை என்று எனக்குத் தோன்றியது.

"இழுக்கத்தான் செய்யும். ஒருத்தர் அதிகமா இழுத்தா தாங்கறதுக்குத்தான் அந்தக் கம்பியே இருக்கு. நான் அதைத் தாங்க விடல."

அன்று மத்தியானம் தன் பின்னால் நின்று அவசரப்படுத்தியது யார் என்பதை அவர் சொல்லவில்லை. சலவைக்கடைக்காரருக்கு அது ஞாபகம் வந்ததா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அங்கே வேறு ஒன்றுதான் ஏறிக்கொண்டிருந்தது.

"யோவ்! இது உனக்கு நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நாளைக்குச் சொல்றேன்னு போனே? ராத்திரி பூரா எங்க அக்கா அழுதுகிட்டே மூட்டை கட்டிச்சுய்யா! உன் நிதானத்துல இடி விழ!"

நிதானம் தலையைக் குனிந்துகொண்டார். சலவைக்கடைக்காரர் கேட்டது சரியென்றுதான் எனக்கும் பட்டது. உண்மையைச் சொன்னார், ஆனால் ஒரு ராத்திரி தாமதமாகச் சொன்னார். அந்த ராத்திரியை அவர்கள் இருவர்தான் தூக்கிச் சுமந்தார்கள்.

மீன்காரர், "யாரா இருந்தா எனக்கென்ன? செத்ததுங்க எழுந்து நீந்தப் போகுதா?" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

பில்டிங் அம்மா அந்த ஸ்க்ரூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சரி. மனுஷன்னா மறக்கிறதுதான். இது ஒண்ணுதானே? என் மத்த கட்டடத்துல எல்லாம் சரியா இருக்கும்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மா அதைத்தான் எதிர்பார்த்தார். நாங்களும்தான்.

"தெரியலம்மா. திறந்து பார்க்கணும்" என்றார் நிதானம்.

அந்தத் 'தெரியல' அவர் பிழைப்பைக் கொண்டுபோய்விட்டது. தெரியலை என்கிற ஆளிடம் இத்தனை வீட்டை எப்படி ஒப்படைப்பது என்று பில்டிங் அம்மா அந்த வாரமே வேறு வயர்மேன் வைத்துவிட்டார். மீன்காரருக்கான நஷ்டத்தை நிதானம் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டினார். சலவைக்கடை காலி ஆகவில்லை. மூட்டையைப் பிரித்து அலமாரியில் அடுக்கினார்கள். பிரஸ் ஓடியது. விளக்கு மங்கவில்லை.

நிதானம் ஒரு கூலி வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் தான் மூடிய போர்டுகளைத் தேடிப் போனார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கூலி தரவில்லை. "ஒரு நிமிஷம் திறந்து பார்த்துட்டுப் போயிடறேன்" என்று வாசலில் நிற்பார். சிலர் உள்ளே விட்டார்கள். சிலர், "எங்க வீட்டையும் கொளுத்தவா?" என்று கதவைச் சாத்தினார்கள். சில இடத்தில் நாலாவது ஸ்க்ரூ பொட்டில்லாமல் இருந்தது. அதையும் அவர் அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் இறுக்கினார்.

நாத்தனார் அவரோடு சரியாகப் பேசவில்லை. சோறு போடுவாள், முகம் பார்க்க மாட்டாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணி, அந்த பாட்டில் உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள். கொடுத்தேன். ஆட்டிப் பார்த்தாள். காய்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. கடைக்குப் போனாள். அந்தச் சிவப்பு கிடைக்கவில்லை. ஊதா நிறத்தில் ஒன்று வாங்கிவந்தாள். "சும்மா திறந்து பார்த்துட்டு வந்தா எது பார்த்தது, எது பார்க்காததுன்னு எப்படித் தெரியும்? கூறு இல்லாத மனுஷன்" என்று திட்டிக்கொண்டே அதை அவர் பையில் போட்டாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கூடப் போனாள். அவர் இறுக்குவார், அவள் பொட்டு வைப்பாள். பெண் பிள்ளை வாசலில் நின்றால் கதவைச் சாத்த மனசு வராது என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்தது.

சலவைக்கடைக்காரர் வெகுநாள் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு முறை என் வீட்டுக்கு வந்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தவரைக் கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டார்.

"யோவ் நிதானம்! பெட்டி ஒண்ணு சூடாகல. வந்து பாரு. நிதானமா பார்க்காதே, துணி காத்துக் கிடக்கு."

நிதானம் உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்தார். பார்த்தார். கம்பியை வெட்டி மறுபடி மாட்டி இறுக்கினார். பிறகு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"என்னய்யா உட்கார்ந்துட்டே?"

"அமுங்கட்டும்."

"துணி காத்துக் கிடக்குன்னு சொன்னேனே!"

"கிடக்கட்டும்" என்றார் நிதானம். அக்கா உள்ளே போய் டீ போட்டு எடுத்துவந்தார்.

இவ்வளவும் நடந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. பில்டிங் அம்மா இப்போது இல்லை. மீன்காரர் தன் தங்கை மகள் வீட்டோடு போய்விட்டார். மாடிப்படிக்கு அடியில் அந்த போர்டு இன்னும் இருக்கிறது. அதில் மூன்று சிவப்புப் பொட்டு, நாலாவதில் ஊதா.

நிதானம் இப்போது எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில், மீன்காரர் இருந்த வீட்டில் குடியிருக்கிறார். முழங்கால் வலியால் அதிகம் கீழே இறங்குவதில்லை. சலவைக்கடை அக்காவுக்குத் தள்ளாமை வந்துவிட்டது, அவர் இடத்தில் என் நாத்தனார்தான் தினமும் காலையில் துணி மடிக்கப் போகிறாள்.